காலி பாட்டிலை யார் எடுப்பார்? சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பேக்கிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளியல் சோப்பு, தலைக்கு எண்ணெய், ஷாம்பு, சீயக்காய்த் தூள், முகப்பூச்சு என்று சிறிய அளவில் தயாரித்து விற்பவர்கள் தமிழ்நாட்டில் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பொருளில் அத்தனை அக்கறை எடுப்பவர்கள், பேக்கிங் என்று வந்ததும் தடுமாறுகிறார்கள். அவர்களுக்காகவும், வாங்கிப் பயன்படுத்துபவர்களுக்காகவும் இந்தப் பக்கம்.

பிளாஸ்டிக், கண்ணாடி, அலுமினியம். எது நல்லது?

பொருளின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். காலியான பிறகு அதை யார் எடுப்பார் என்று கேளுங்கள். உங்கள் தெருவிலுள்ள காயலான் கடைக்காரர் காசு கொடுத்து எடுக்கும் பொருளுக்கு மறுசுழற்சி நடக்கிறது. அவர் ஒதுக்கித் தள்ளுவது குப்பைமேட்டுக்கோ சாக்கடைக்கோ போகிறது. பாட்டிலின் மேல் அம்புக்குறி முக்கோணம் போட்டிருப்பதால் இது மாறிவிடாது.

பாட்டிலைக் கவிழ்த்து அடியில் உள்ள எண்ணைப் பாருங்கள். அது பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லும். 1 என்றால் பெட் (PET), 2 என்றால் எச்டிபிஇ (HDPE), 5 என்றால் பிபி (PP). இந்த மூன்றுக்கும் நம் ஊரில் வாங்க ஆள் உண்டு. 3 என்பது பிவிசி, 6 பாலிஸ்டைரீன், 7 என்பது 1 முதல் 6 வரை எதிலும் சேராத பிற வகைகள். இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். 4 எல்டிபிஇ, பெரும்பாலும் மெல்லிய உறையாக வரும். சுத்தமாகவும் கணிசமாகவும் சேர்ந்தால்தான் அதற்கு விலை.

அளவும் முக்கியம். 15 கிராம் எடையுள்ள பாட்டில் 67 சேர்ந்தால்தான் ஒரு கிலோ. 2 கிராம் குப்பி என்றால் 500 பொறுக்க வேண்டும். குப்பை பிரிப்பவர் அதற்காகக் குனியமாட்டார். 10 மில்லி, 15 மில்லி குப்பிகளை எந்தப் பிளாஸ்டிக்கில் செய்தாலும் அவை திரும்பி வருவது அரிது.

எண் 1 போட்ட பாட்டில்தான் வாங்குகிறேன். அது போதாதா?

போதாது. பாட்டிலோடு சேர்ந்து போகும் மூடி, லேபிள், உறை எல்லாம் அதைக் கெடுக்கக்கூடும். மறுசுழற்சிக் கூடத்தில் பாட்டிலைச் சில்லுச் சில்லாக அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். எச்டிபிஇ, பிபி சில்லுகள் மிதக்கும். பெட் மூழ்கும். அதனால் பெட் பாட்டிலுக்குப் பிபி மூடி போட்டால் தண்ணீரே இரண்டையும் பிரித்துக் கொடுத்துவிடும்.

பிவிசியும் மூழ்கும் என்பதுதான் சிக்கல். அதன் அடர்த்தி பெட்டின் அடர்த்திக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தொட்டியில் பிரியாது. பெட்டை உருக்கும் சூட்டில் பிவிசி சிதைந்து அமில ஆவி விடும். ஒரு சிறு அளவு கலந்தாலே மொத்தமும் மஞ்சளாகி வலுவிழக்கும். பாட்டில் முழுவதையும் சுற்றிப் பளபளவென்று சுருங்கி ஒட்டியிருக்கும் ஷ்ரிங்க் உறை பல சமயம் பிவிசிதான். நல்ல பெட் பாட்டிலுக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை. அழகுக்காகப் போடுகிறீர்கள் என்றால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தடித்த கண்ணாடிபோலத் தெரியும் க்ரீம் டப்பாக்கள் பெரும்பாலும் பெட்ஜி அல்லது அக்ரிலிக். பெட்ஜி என்பது பெட்டின் ஒரு மாற்று வகை, அதுவும் பெட்டோடு மூழ்கும். ஆனால் குறைந்த சூட்டிலேயே இளகி, உலர்த்தும் எந்திரத்தில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். க்ரீமுக்கு ஒற்றைச் சுவர் பிபி டப்பாவே போதும். டப்பாவுக்குள் டப்பா வைத்த இரட்டைச் சுவர், உள்ளே இருப்பது கூடுதலாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது. வாங்குபவரையும் ஏமாற்றும், பிளாஸ்டிக்கையும் இரட்டிப்பாக்கும்.

நிறம்?

பெட் என்றால் நிறமற்றது, எச்டிபிஇ என்றால் வெள்ளை அல்லது நிறம் சேர்க்காதது. இவற்றுக்கே நல்ல விலை. கறுப்பு பாட்டில் மீண்டும் கறுப்பாக மட்டுமே ஆக முடியும். கார்பன் கறுப்பு கலந்ததை ஒளிக்கதிர் வைத்துப் பிரிக்கும் எந்திரங்கள் அடையாளமும் காண்பதில்லை.

ஒரு விதிவிலக்கு. கரிசலாங்கண்ணி, மருதாணி, கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெயில் பச்சையம் இறங்கியிருக்கும். பச்சையத்தின் மேல் வெளிச்சம் பட்டால் எண்ணெய் வேகமாகச் சிக்கெடுக்கும். இதைத் தெளிந்த பாட்டிலில் ஊற்றிக் கடை அலமாரியில் நிறுத்தினால் கெட்டுப்போகும் பொருளும் சேர்ந்து குப்பையாகும். இதற்கு ஒளிபுகாத வெள்ளை எச்டிபிஇ அல்லது பழுப்புக் கண்ணாடி எடுங்கள்.

லேபிள் எதில் அடிப்பது?

எச்டிபிஇ, பிபி பாட்டில் என்றால் பிபி லேபிள். இரண்டும் ஒரே குடும்பம், சேர்ந்தே மிதக்கும். பெட் பாட்டில் என்றாலும் பிபி லேபிள்தான். ஆனால் கழுவும்போது கழன்றுவிடும் பசை வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டு வாங்குங்கள். காகித லேபிள் கண்ணாடிக்கு ஏற்றது. பிளாஸ்டிக் பாட்டிலில் ஒட்டினால் நார் நாராகப் பிரிந்து சில்லுகளோடு கலக்கும். உலோக மினுமினுப்பு எதற்கும் வேண்டாம்.

பம்ப் போட்டால் என்ன தவறு?

ஒரு லோஷன் பம்பைக் கழற்றிப் பாருங்கள். அழுத்தும் தலை, காலர், உருளை, பிஸ்டன், உள்ளே எஃகுச் சுருள், ஒரு குண்டுமணி, கீழே உறிஞ்சு குழாய். பிபி, பாலித்தீன், எஃகு, சிலவற்றில் கண்ணாடிக் குண்டு என்று நான்கு பொருள்கள் கைக்கடக்கமான ஒரு துண்டுக்குள் பூட்டியிருக்கும். யாரும் உட்கார்ந்து பிரிக்கமாட்டார்கள். பம்ப் நேராகக் குப்பைக்குத்தான்.

பொருள் ஓடும் பதத்தில் இருந்தால் ஃபிளிப் டாப் மூடி போதும். பம்ப்தான் வேண்டுமென்றால் சுருளும் பிளாஸ்டிக்கிலேயே ஆன பம்புகள் கிடைக்கின்றன. அதைவிட எளிய வழி, முதல் பாட்டிலை மட்டும் பம்போடு விற்று, அடுத்தவற்றைச் சாதாரண மூடியோடு விற்பது. இதற்கு எல்லாப் பாட்டிலுக்கும் கழுத்தளவு ஒன்றாக இருக்க வேண்டும். 24/410 என்றால் கழுத்தின் விட்டம் 24 மில்லிமீட்டர், 410 என்பது மரையின் வகை. 24/410 பம்ப் 24/415 கழுத்தில் ஏறுவதுபோல ஏறும். ஆனால் சரியாக இறுகாது. கசிவுப் புகார்கள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

கண்ணாடிக்கு மாறிவிட்டால் மனநிறைவாக இருக்குமே?

திரும்பி வந்தால் மட்டும். 100 மில்லி கண்ணாடி பாட்டில் ஏறத்தாழ 100 கிராம், பெட் என்றால் 15 கிராம். கண்ணாடி உருக 1,500 டிகிரி சூடு வேண்டும். பிறகு அத்தனை எடையையும் லாரியில் ஏற்ற வேண்டும். ஒரே முறை பயன்படுத்தி எறிகிற கண்ணாடியால் சுற்றுச்சூழலுக்குப் பெரிய லாபம் இல்லை. பல காயலான் கடைகளில் அதை எடுப்பதுமில்லை. எடுத்தாலும் விலை மிகக் குறைவு.

ஆகவே முன்பணம் வையுங்கள். நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் மது பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். காட்டோரம் உடைந்து கிடந்தவற்றில் பெரும்பாலானவை கடைக்குத் திரும்பின. அதே 10 ரூபாய் உங்கள் எண்ணெய் பாட்டிலுக்கும் வேலை செய்யும். குளியலறையில் ஈரக் கையால் எடுக்கும் ஷாம்புவுக்கு மட்டும் கண்ணாடி வேண்டாம்.

அலுமினியம்?

பழைய அலுமினியத்தை உருக்கப் புதிதாய் எடுப்பதற்கான மின்சக்தியில் ஏறத்தாழ 5 சதவீதமே செலவாகும். அதனால்தான் காயலான் கடையில் அதற்கு மதிப்பு. தைலம், உதட்டுப்பூச்சு, கட்டிச் சென்ட் போன்ற தண்ணீரில்லாப் பொருட்களுக்கு அலுமினிய டப்பா மிகப் பொருத்தம்.

திரவ சோப்புக்கு ஆகாது. பொட்டாஷ் காரத்தில் செய்த திரவ சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும். உள்பூச்சில் ஒரு கீறல் இருந்தாலே காரம் உலோகத்தைத் தின்று வாயு விடும். பாட்டில் உப்பும், சோப்பு கறுக்கும். உப்பு அல்லது அமிலம் உள்ள டோனர்களுக்கும் அலுமினியத்தைத் தவிர்க்கவும்.

சாஷே ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை? விலை குறைவுதானே?

இது நம் மண்ணிலிருந்து கிளம்பிய பழக்கம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடலூரில் உருவான வெல்வெட் ஷாம்புவும், 1983-இல் அங்கே தொடங்கிய சிக் ஷாம்புவும் சாஷேயைச் சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. பாட்டில் வாங்க வசதி இல்லாத வீட்டுக்கும் ஷாம்பு கிடைத்தது. அந்த நன்மையை மறுக்க முடியாது. உறைக்கு என்ன வழி என்பதுதான் இத்தனை ஆண்டுகளாகத் தீராமல் நிற்கிறது.

ஒரு சாஷேயைக் கத்தரித்து உள்பக்கம் பாருங்கள். வெளியே அச்சடித்த 12 மைக்ரான் பெட் தாள். நடுவில் வெள்ளியாய் மின்னும் உலோகப் படலம். உள்ளே சூட்டில் ஒட்டும் பாலித்தீன். மூன்றையும் பசை போட்டு அழுத்தியிருப்பார்கள். இதைப் பிரித்தெடுப்பது நடைமுறையில் ஆகாத காரியம். எனவே வாங்குவாரும் இல்லை. சேகரித்தாலும் போகுமிடம் அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைகளின் சூளைதான். ஒரு லிட்டர் ஷாம்புவை 6 மில்லியாக அடைத்தால் 166 உறைகள். கிழித்தெறிந்த மூலைத்துண்டுகள் தனி.

மாற்று என்ன? பாலித்தீன் மட்டுமே கொண்ட ஒற்றைப் பொருள் சாஷேக்கள் வந்துவிட்டன. இரண்டு இடர்ப்பாடுகளைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒன்று, வாசனை மெல்ல வெளியேறும். விற்பனைக் காலத்தைக் குறைத்துப் போட வேண்டிவரும். இரண்டு, உள்தாளும் வெளித்தாளும் ஒரே பொருள் என்பதால் இரண்டும் நெருங்கிய சூட்டில் இளகும். பழைய சாஷே எந்திரத்தில் பழைய சூட்டையே வைத்தால் வெளித்தாள் தாடையில் ஒட்டிக்கொள்ளும். சூட்டைக் குறைத்து அழுத்தும் நேரத்தைக் கூட்டிச் சரிபார்க்க வேண்டும். அப்படிச் செய்தும் 6 மில்லி உறையைப் பொறுக்க ஆள் கிடைப்பது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. சாம்பிள் கொடுக்கத்தான் சாஷே தேடுகிறீர்கள் என்றால், 10 கிராம் சோப்புத் துண்டையோ சீயக்காய்ப் பொட்டலத்தையோ காகிதத்தில் மடித்துக் கொடுங்கள்.

காகிதமும் பனை ஓலையும் எதற்கெல்லாம் சரிப்படும்?

காய்ச்சாமல் செய்யும் குளிர்முறைச் சோப்பு 4 முதல் 6 வாரம் உலர வேண்டும். அதற்கு முன்பே பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றினால் வியர்த்து, ஆரஞ்சுப் புள்ளிகளோடு சிக்கு வாடை வரும். காகிதப் பட்டையே அதற்கு உகந்தது. கிளிசரின் சோப்பு நேர்மாறு: கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தை இழுத்து முத்து முத்தாக வியர்க்கும். அதற்குத் தாள் உறை தேவை. பிபி அல்லது பாலித்தீன் தாளாக இருக்கட்டும்.

பனை ஓலைப் பெட்டி கருப்பட்டிக்குப் பழகியது, சோப்புக்கும் பொருந்தும். ஓலை முழுக்க உலராவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், எனவே சோப்பைத் தாளில் சுற்றியே வையுங்கள்.

சீயக்காய், அரப்பு, பாசிப்பயற்றுத் தூளுக்கு வெறும் காகிதப் பை உதவாது. ஈரம் ஏறிக் கட்டிதட்டும்; வண்டும் வரும். பழுப்புக் காகிதப் பையின் உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் பிளாஸ்டிக் பூச்சு. அது காகிதமும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. அதற்கு நேர்மையான ஒற்றைப் பாலித்தீன் பை எவ்வளவோ மேல். அட்டைப்பெட்டி அடிக்கும்போது 300 ஜிஎஸ்எம் அட்டை, ஃபிலிம் லேமினேஷன் வேண்டாம், தண்ணீரில் கரைத்த வார்னிஷ் போதும் என்று சொல்லிவிடுங்கள். சிவகாசி அச்சகங்களுக்கு இது பழகிய வேலைதான்.

மக்கும் பிளாஸ்டிக் என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

இந்தியாவில் மக்கும் பிளாஸ்டிக்கை விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். அது பின்பற்றும் தரநிலை ஐஎஸ் 17088. விற்பவரிடம் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். சான்று இருந்தாலும் அது சொல்வது, 58 டிகிரி அளவுக்குச் சூடேறும் பெரிய உரக்கூடத்தில் மக்கும் என்பதையே. வீட்டுத் தோட்டத்திலோ கூவத்திலோ மக்கும் என்று பொருளல்ல. மக்கும் பிளாஸ்டிக்கில் ஒரு வகையான பிஎல்ஏவில் செய்த பாட்டில் 55, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் கோணிவிடும். ஈரமும் அதன் வழியே எளிதாகக் கசியும். ஷாம்பு, லோஷனுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்த பாட்டில் பாதுகாப்பானதா?

ஆம், வழங்குபவர் தரச்சான்று கொடுத்தால். எச்டிபிஇயில் 30 சதவீதத்திலிருந்து தொடங்குங்கள். லேசான சாம்பல் நிறமும் ஒருவித வாடையும் இருக்கும். வாசனையற்ற குழந்தை லோஷனில் அந்த வாடை தெரிந்துவிடும். வேம்பு, வெட்டிவேர் வாசமுள்ள ஷாம்புவில் தெரியாது.

ரீஃபில் கடை வைக்க என்ன செய்ய வேண்டும்?

5 லிட்டர் எச்டிபிஇ கேனில் வாங்கினால் 250 மில்லி பாட்டில் 20 நிரப்பலாம். கேனைத் தயாரிப்பவருக்கே திருப்பி அனுப்பலாம். ஆனால் இதில் சுத்தம் தவறினால் ஆபத்து உங்கள் வாடிக்கையாளரின் கண்ணுக்கும் தோலுக்கும்.

பாட்டிலையும் மூடியையும் தனித்தனியே கழுவுங்கள். எண்ணெய் பாட்டில் என்றால் சலவை சோடா கரைத்த வெந்நீர். பெட் பாட்டிலுக்கு 60 டிகிரியைத் தாண்டக் கூடாது, சுருங்கிவிடும். பிபி கொதிநீரையும் தாங்கும். கண்ணாடியைப் படிப்படியாகச் சூடேற்றுங்கள். கடைசி அலசல் கொதித்து ஆறிய நீரில். பிறகு தூசியில்லாத இடத்தில் கவிழ்த்து 24 மணி நேரம். மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. தோள்பகுதியில் ஒரு துளி நீர் தங்கினாலும் அந்த இடத்தில் ஷாம்புவின் பதனப்பொருள் நீர்த்துப்போய், சூடோமோனாஸ் போன்ற கிருமிக்கு இடம் கிடைக்கும். நன்கு உலர்ந்தபின் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்து ஆவியாகவிட்டு நிரப்புங்கள்.

மிச்சத்தின் மேல் ஊற்றவே ஊற்றாதீர்கள். பழைய எண்ணெயின் சிக்கு புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். எந்த பேட்ச் என்றும் தெரியாது. பழைய பேட்ச் எண்ணை அழித்துப் புதியதையும் காலாவதித் தேதியையும் ஒட்டுங்கள். பம்பை உள்ளே கழுவ முடியாது. ஒரே பொருளுக்கு மட்டும், சில முறையோடு நிறுத்துங்கள்.

மாதம் ஒரு முறையாவது நிரப்பிய பாட்டில் ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பெரியவர்களுக்கான பொருளில் கிராமுக்கு 1,000 கிருமிக் கூட்டங்களும், 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கண்ணைச் சுற்றியும் பயன்படுபவற்றில் 100-ம் என்பது ஐஎஸ்ஓ 17516 என்ற சர்வதேசத் தரநிலை வகுத்த வரம்பு.

சட்டம்? சில்லறை வியாபாரத்தின் வழக்கமான போக்கில் பொட்டலமிடுவது “உற்பத்தி”யில் சேராது என்று 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டம் சொல்கிறது. வாடிக்கையாளர் கண்ணெதிரே அவர் பாட்டிலில் அளந்து ஊற்றுவது ஒன்று. முன்கூட்டியே நிரப்பி அலமாரியில் அடுக்குவது வேறு. இரண்டாவதற்கு 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி நிகர அளவு, விலை, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் அச்சிட வேண்டும். தொடங்குமுன் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

புதிய பாட்டிலுக்கு மாறும்முன் என்ன சோதிக்க வேண்டும்?

பன்னிரண்டு பாட்டில் நிரப்புங்கள். நான்கை அறையில், நான்கை 40 டிகிரி சூட்டுப் பெட்டியில் (அவன்), இரண்டைக் கவிழ்த்து, இரண்டை வெயில் படும் சன்னலில் வையுங்கள். 12 வாரம். வாரம் ஒரு நாள் 0.01 கிராம் துல்லியமுள்ள தராசில் எடை போட்டு எழுதுங்கள். எடை தொடர்ந்து இறங்கினால் மூடியோ சுவரோ விடுகிறது.

பாட்டிலின் பக்கங்கள் உள்வாங்கினால், எண்ணெயைச் சூடாக ஊற்றியிருக்கிறீர்கள் அல்லது உள்ளிருக்கும் காற்றின் ஆக்சிஜனை எண்ணெய் உறிஞ்சியிருக்கிறது. 40 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு ஊற்றுங்கள். அடியிலும் தோளிலும் மயிரிழை விரிசல் கண்டால் அது நுரைபொருளின் வேலை: ஷாம்புவின் நுரைபொருட்கள் அழுத்தத்தில் இருக்கும் பாலித்தீனை மெல்ல மெல்லப் பிளக்கும். தடித்த சுவரோ வேறு தர எச்டிபிஇயோ கேளுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சுத் தைலங்கள் பாலிஸ்டைரீனைக் கரைக்கும், பாலித்தீனை ஊதவைக்கும், இவற்றுக்குக் கண்ணாடிதான். கடைசியாக 1.2 மீட்டர் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் அடி, பக்கம், மூலை என்று போட்டுப் பாருங்கள்.

தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டிக்கும் ஓசூருக்கும் அனுப்புபவர்கள் அகன்ற வாய் எடுங்கள். குறுகிய வாயில் வராது என்று வெந்நீரில் போட்டுப் போட்டே பாட்டிலைக் கெடுத்துவிடுவார்கள்.

சிறு தயாரிப்பாளருக்கு இபிஆர் (உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு) உண்டா?

2022 பிப்ரவரியில் வந்த விதிகள், பிளாஸ்டிக் பேக்கிங்கில் விற்கும் நிறுவனம் அதே அளவு கழிவை மீட்டெடுக்கக் கணக்குக் காட்ட வேண்டும் என்கின்றன. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசின் எம்எஸ்எம்இ வரையறையில் குறு, சிறு நிறுவனங்களாக உள்ள பிராண்டுகளுக்கு இதில் விலக்கு உண்டு. எனவே அதற்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைக் கையில் வைத்திருங்கள். பெரிய நிறுவனங்கள் கெட்டிப் பிளாஸ்டிக்கில் 2025-26-இல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் சேர்க்க வேண்டும். 2028-29-இல் அது 60 ஆகும். நல்ல மறுசுழற்சிச் சில்லுக்குப் போட்டி கூடும் என்பதால் உங்கள் பாட்டில் சப்ளையரிடம் இப்போதே பேசிவையுங்கள்.

“சுற்றுச்சூழலுக்கு உகந்தது” என்று லேபிளில் போடலாமா?

வெறுமனே போட முடியாது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. எதைச் சொல்கிறீர்கள், பொருளையா பேக்கிங்கையா என்று தெளிவாகக் கூறி, ஆதாரமும் வைத்திருக்க வேண்டும். “பாட்டில்: 30 சதவீதம் மறுசுழற்சி எச்டிபிஇ. மூடி: பிபி. காலியானதும் கழுவி, பழைய பிளாஸ்டிக்கோடு போடவும்.” இப்படி எழுதினால் வாங்குபவருக்கும் பயன்.

கூரியரில் உடையாமல் அனுப்ப?

பிளாஸ்டிக் பாட்டிலுக்கு த்ரீ ப்ளை (மூன்று அடுக்கு) அட்டைப்பெட்டி போதும். கண்ணாடிக்கு ஃபைவ் ப்ளை, சுவருக்கும் பாட்டிலுக்கும் இடையே இரண்டு விரற்கடை கசக்கிய காகிதம். பாட்டில்கள் ஒன்றோடொன்று தொடக் கூடாது, உடைவதெல்லாம் அங்கேதான். மூடி திறந்துகொள்வதுதான் அடிக்கடி வரும் புகார். ஃபிளிப் டாப்பின் மேல் ஒரு காகித நாடா ஒட்டினால் தீரும்.

வீட்டில் நான் என்ன செய்வது?

பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி அந்த ஷாம்புவையும் பயன்படுத்திவிட்டு, அலசிக் கவிழ்த்து வையுங்கள். பம்பைக் கழற்றிவிடுங்கள். மூடியைப் பாட்டிலிலேயே திருகிவிடுங்கள். தனியாகப் போட்டால் தொலையும். கோணிப்பை ஒன்றில் சேர்த்து, மாதம் ஒரு முறை காயலான் கடைக்கோ தெருவில் வருபவரிடமோ கொடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கொடுத்தால் அவருக்கும் கூடுதல் விலை கிடைக்கும்.